பன்னிரண்டாவது பூச்சு

இயக்குநர் கொர்னேய் பாவ்லவிச்சுக்கு விமானத்தைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் தெரியும்: புதிதாக இருந்தால் பெயிண்ட் வாசம் அடிக்கும். போருக்கு முன்பு குளியல் தொட்டி செய்யும் ஆலையை நடத்திக்கொண்டிருந்த மனிதர் அவர். பளபளத்தால் தொட்டி நல்ல தொட்டி. அதே கணக்கில் பளபளத்தால் விமானமும் நல்ல விமானம். பறக்க வைப்பது எஞ்சின் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. சொல்லி அலுத்து, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

வோல்கா கரையிலிருந்த அந்த ஆலையிலிருந்து நாளொன்றுக்கு ஏழெட்டுச் சண்டை விமானங்கள் வெளியே போயின. மங்கிய பச்சையும் சாம்பலுமாக, பளபளப்பே இல்லாமல், பசியோடு நின்ற பெண்களின் கையால் செய்யப்பட்டவை. அவற்றைப் பார்த்தால் கொர்னேய் பாவ்லவிச்சுக்கு வெட்கமாக இருக்கும். கையிருப்பைக் கொடுத்து "இதில் எங்கள் பெயரில் ஒரு விமானம் போகட்டும்" என்று கேட்ட ஊர்க்காரர்கள், பள்ளிக்கூடத்தார், தொழிற்சங்கத்தார் எல்லாம் தங்கள் விமானத்தைப் பார்க்க வரும்போது இதையா காட்டுவது?

அதனால் மார்ச் மாதத்தில் ஒரு விமானத்தைத் தனியே நிறுத்தி வைத்தார். அதற்கு ஆலைக்காரர்கள் வைத்த பெயர் மணப்பெண். யார் வந்தாலும் மணப்பெண்தான். வரும் கூட்டத்தின் பெயரைப் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் எழுதுவார்கள். பித்தளை வாத்தியம் முழங்கும். எஞ்சினை முடுக்கி உறும விடுவார்கள். வந்தவர்கள் கண்ணீர் விட்டுவிட்டு ரயில் ஏறிப் போவார்கள். அடுத்த கூட்டம் வருவதற்கு முதல் நாள் மூக்கு முதல் வால் வரை புதிதாக ஒரு பூச்சு. பெயரை மட்டும் மறைத்தால் போதாதா என்றால் போதாது. பெயிண்ட் கையில் ஒட்ட வேண்டும். அது இயக்குநரின் சொந்தக் கண்டுபிடிப்பு. உள்ளங்கையில் பச்சைக் கறையோடு ஊர் திரும்பியவன், "காயக்கூட இல்லை, அவ்வளவு புதுசு" என்று ஊரெல்லாம் காட்டுவானாம்.

காட்டவும் செய்தார்கள். அதுதான் கொடுமை.

பூசியவள் தயீசியா ஃபொமீனிச்னா. நாற்பத்தாறு வயது; ஒரு காலத்தில் ரொட்டிக்கடை, முடிவெட்டும் கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதிப் பிழைத்தவள். வாய் நீளம். ஆலையில் அவள் நாக்குக்குத் தப்பியவர் யாருமில்லை. ஒவ்வொரு கூட்டத்தின் பெயருக்கும் தகரத்தில் அச்சு வெட்டி, முடிந்ததும் வண்ணப் பிரிவுச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவாள். அக்டோபருக்குள் பதினொரு தகடுகள் தொங்கின.

"இதுக்கு என்னை விட அதிகமா சட்டை இருக்கு" என்று மணப்பெண்ணைப் பார்த்து ஏளனம் செய்வாள். செய்துவிட்டு அடுத்த பூச்சைப் பூசுவாள். பறக்காத விமானத்துக்குப் பெயிண்ட் கனத்தால் என்ன, கனக்காவிட்டால் என்ன என்று தன் மனசுக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

பன்னிரண்டாவதாக வர இருந்தவள் உஸ்தீன்யா, ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு மீனவர் கூட்டுப்பண்ணைக்காரி. கணவன் போரின் முதல் இலையுதிர்காலத்திலேயே இறந்துபோனான். பண்ணைப் பெண்கள் எல்லாம் சேர்ந்து கொடுத்த விமானம், அவள் மகனுக்கே போக வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார்கள். மகன் தேமித் சண்டை விமானி. கோடையில் தன் விமானத்தை இழந்துவிட்டு வெறுங்கையோடு நின்றிருந்தவன். மேலிடம் சம்மதித்தது. இரண்டு நாளில் தாயும் மகனும் வருகிறார்கள், மகன் அங்கேயே ஏறிப் போர்முனைக்குப் பறந்துவிடுவான் என்று தந்தி வந்தது.

பறந்து போவதா! இதுவரை வந்தவர்கள் எல்லாம் ரயிலில் போனவர்கள். மாதக் கடைசியில் தயாரான விமானங்களையெல்லாம் அனுப்பியாகிவிட்டது. மீதி நின்றவற்றுக்கு மூக்கில் சுழலும் முன்விசிறி வரவில்லை. பறக்கக்கூடிய நிலையில் முழுசாக நின்றது ஒன்றே ஒன்று.

"மணப்பெண்ணைக் குடுத்துடலாம்" என்றார் இயக்குநர். ஒரு பெரிய பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது. "பூச்சு மட்டும் நல்லா இருக்கணும், தயீசியா ஃபொமீனிச்னா. பத்திரிகைக்காரன் வேற வரான்."

"கொர்னேய் பாவ்லவிச், அது மேல ஏற்கனவே பதினொண்ணு இருக்குங்க" என்றாள் தயீசியா. " வால்ல இருக்குற சுக்கான் துணி போர்த்துனது. சட்டம் மெலிசு, துணி மெலிசு. அதுக்கு மேல பதினொரு பூச்சுன்னா..."

"பெயிண்ட் என்னம்மா, கல்லா?"

"காஞ்சா கல்லுதான். வேணும்னா உங்க மேல பதினொரு தடவை பூசிக் காட்டட்டுமா?"

அவர் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டார். "மார்ச்சுல சோதனை விமானி பறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கான். விமானம் நல்ல விமானம். நடுவுல கெட்டுப்போச்சுன்னா அதைக் கெடுத்தது யாரு? நானா தூரிகையைப் பிடிச்சேன்?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போர்க்காலத்துல விமானத்தை நாசம் பண்ணுனா அதுக்கு என்ன பேருன்னு உங்களுக்குத் தெரியும். பத்து வருஷம் ஜெயில். வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

அதுவரை எவனுக்கும் அஞ்சாத அந்த நீள வாய் மூடிக்கொண்டது. போய்ப் பன்னிரண்டாவது பூச்சைப் பூசினாள். பூசும்போதே தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டினாலும் கை நிற்கவில்லை.

பூசி முடித்த கையோடு பிளாத்தோனைத் தேடிப் போனாள். மார்ச்சில் கையெழுத்துப் போட்ட சோதனை விமானி அவன்தான். ஒரு நாளைக்கு ஏழு விமானங்களை மேலே கொண்டுபோய்க் குட்டிக்கரணம் போட வைத்து இறக்குகிறவன். தீயில் வெந்த இடது காது பாதிதான் மிச்சம். ஓடுபாதை ஓரத்தில் முட்டைக்கோஸ் சூப்பை நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தான்.

"பன்னெண்டு?" என்றான்.

"பன்னெண்டு."

"சுக்கான்லயுமா?"

"எல்லா இடத்துலயும்."

பிளாத்தோன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "நான் கையெழுத்துப் போட்டது ஒரு சட்டை போட்ட பொண்ணுக்கு. இப்ப நிக்கறது ஆட்டுத்தோல் கோட்டு மாட்டுன கிழவி." யாரிடமும் கேட்காமல் மணப்பெண்ணில் ஏறினான். இருட்டுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஏழு மாதம் கழித்து மணப்பெண் தரையை விட்டு எழுந்ததைப் பார்த்து, பட்டறை வாசலில் நின்ற பெண்கள் ஓவென்று கத்தினார்கள்.

கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டான். இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. "வேகம் கொஞ்சம் ஏறுச்சு, வாலு உதற ஆரம்பிச்சுடுச்சு. பல்லெல்லாம் ஆடுச்சு. வேகத்தைக் குறைச்சேன், நின்னுச்சு. சண்டைல எவனாவது துரத்துனா அந்தப் பையன் வேகத்தைக் குறைப்பானா? பாய்வான். பாஞ்சா வாலு கழண்டு தனியா போகும்."

அதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டு இயக்குநரிடம் கொடுத்தான். இயக்குநர் படித்தார், மடித்தார், சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்கு மெதுவா ஒரு வட்டம் அடிச்சாப் போதும், படம் எடுத்துடுவாங்க" என்றார். "அதுக்கப்புறம் போர்முனைல நடக்கறது போர்முனைக்காரங்க பாடு." மறுநாள் விடியற்காலையில் பிளாத்தோனை லாரியில் ஏற்றி, எண்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊருக்கு முன்விசிறி வாங்கி வர அனுப்பிவிட்டார். விமானம் ஓட்டுகிறவனை லாரிக்குச் சுமைதூக்கியாக அனுப்பும் மூளை எல்லோருக்கும் வாய்க்காது.

மதிய இடைவேளையில் விழா. முந்நூறு பேர் ரொட்டித் துண்டை மென்றபடி கூடி நின்றார்கள். இயக்குநர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மக்களின் அன்பு, தாயின் அன்பு, ஆலையின் அன்பு. முந்நூறு பேரில் சூப்பு ஆறிவிடுமே என்று கவலைப்படாதவர் அவர் ஒருவர்தான்.

உஸ்தீன்யா குள்ளமான, அகன்ற தோளுள்ள பெண். தலையில் கம்பளிச் சால்வை, காலில் மீன்பிடி பூட்ஸ். பக்கத்தில் தேமித், இருபத்து நான்கு வயது, புருவத்தில் புதுத் தழும்பு. பக்கவாட்டில் 'மீனவப் பெண்களின் பரிசு' என்று வெள்ளையில் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தான். முகமெல்லாம் சிரிப்பு. பசித்தவன் முன்னால் சோறு வைத்ததுபோல விமானத்தைப் பார்த்தான். தயீசியாவால் அந்தப் பார்வையைப் பார்க்க முடியவில்லை. கடைசி நேரத் திருத்தம் என்ற சாக்கில் தூரிகையோடு வால் பக்கம் ஒதுங்கி நின்றாள்.

"தொட்டுப் பாருங்கம்மா, தொட்டுப் பாருங்க!" என்றார் இயக்குநர்.

உஸ்தீன்யா தொட்டாள். உள்ளங்கை பச்சையானது.

"பார்த்தீங்களா! இன்னும் காயவேயில்ல!"

"காயாததையா எம்புள்ளைக்குக் குடுக்கறீங்க?" என்றாள் உஸ்தீன்யா. கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. படகு வாங்க வந்தவளைப் போல விமானத்தைச் சுற்றி வந்தாள். இறக்கையைத் தட்டினாள், சக்கரத்தை உதைத்தாள், வாலருகே வந்து நின்றாள். நிமிர்ந்து நின்ற சுக்கானை ஒரு கையால் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பார்த்தாள். மறுபடியும் அசைத்தாள். முப்பது வருஷம் ஆற்றில் சுக்கான் பிடித்த கை அது.

"இது ஏன் இப்படிக் கனக்குது?"

"சண்டை விமானம்மா!" என்று இயக்குநர் வேகமாக வந்து சேர்ந்தார். "கனமாத்தான் இருக்கும். பலம்!"

"சுக்கான் கனத்தா படகு சொன்ன பேச்சைக் கேக்காது. எனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டுத் தயீசியாவின் பக்கம் திரும்பினாள். தூரிகையைப் பார்த்தாள், பெயிண்ட் படிந்த நகங்களைப் பார்த்தாள். "நீதானே பூசுனவ? நீ சொல்லும்மா. நல்லா இருக்கா?"

இயக்குநரின் கண் தயீசியாவின் மேல் நின்றது. பத்து வருஷம் என்று அந்தக் கண் சொல்லியது. பத்து வருஷம் கழித்து ஐம்பத்தாறு வயதாகியிருக்கும், அதுவரை உயிரோடு இருந்தால். தயீசியாவுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பையன் அதற்குள் இறக்கையில் ஒரு காலை வைத்து ஏறத் தொடங்கியிருந்தான்.

இடுப்புத் துணியில் செருகியிருந்த பெயிண்ட் சுரண்டியை எடுத்தாள். சுக்கானின் விளிம்பில் அழுத்திக் கீறி, நகத்தளவு ஒரு சில்லைப் பெயர்த்தாள். ரொட்டியின் மேலோடு போலத் தடிமனாக உடைந்து வந்தது.

"தம்பி, கீழ இறங்கு. இதைப் பாரு."

தேமித் இறங்கி வந்து சில்லை வாங்கினான். வெயிலுக்கு நேராகப் பிடித்து விளிம்பைப் பார்த்தான். பச்சை, பச்சை, பச்சை, கோடு கோடாக. நகத்தால் எண்ணிக்கொண்டே போனான். எண்ண எண்ண முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துகொண்டே வந்தது.

"எத்தனை?" என்றான்.

"பன்னெண்டு. இதுக்கு முன்னாடி வந்த பதினோரு கூட்டத்துக்கும் காட்டுனது இதைத்தான். நேத்து மேல போயி வாலு உதறுச்சு. பறந்து பார்த்தவரு எழுதிக் குடுத்த தாளு அதோ, அவரு சட்டைப் பையில இருக்கு."

முந்நூறு பேரும் இயக்குநரின் சட்டைப் பையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வாத்தியக்காரர்களில் ஒருவன், இதுதான் சமயம் என்று தப்பாக நினைத்துக்கொண்டு வெற்றி முழக்கத்தை ஊதத் தொடங்கினான். பக்கத்திலிருந்தவன் அவன் தோளில் ஒரு அடி போட்டு நிறுத்தினான்.

"சதி!" என்று இயக்குநர் கத்தினார். முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தது. "இது நாச வேலை! எல்லாரும் பார்த்தீங்க, இவளே ஒத்துக்கிட்டா!"

"ஆமா, ஒத்துக்கிட்டேன்" என்றாள் தயீசியா. "உத்தரவு உங்களுது, கை என்னுது. பிடிச்சா ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்கட்டும். ஒரே வண்டில போவோம். வழியெல்லாம் நான் பேசிக்கிட்டே வருவேன்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். அப்புறம் முந்நூறு பேரும் சிரித்தார்கள். இயக்குநர் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கூட்டம் அவர் பேச்சுக்குச் சிரித்தது அதுதான் முதல் முறை. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அலுவலகத்துக்குள் போய்விட்டார்.

தேமித்துக்குப் புறப்பட இரண்டு நாள் தவணை கிடைத்தது. வால்பகுதியில் துணி போர்த்திய பாகங்களையெல்லாம் கழற்றித் தையல் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். உரித்தெடுத்த பழைய துணி மடங்காமல் பலகைபோல நின்றது. புதுத் துணி போர்த்தித் தைக்க உஸ்தீன்யாவும் உட்கார்ந்துவிட்டாள். வலை பின்னிய விரல்கள். தையல் பிரிவுப் பெண்களைவிட வேகமாகத் தைத்தாள். தேமித்தும் வண்ணப் பிரிவும் உடலைச் சுரண்டினார்கள். சுரண்டச் சுரண்டப் பழைய பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன: பள்ளிக்கூடம், தீயணைப்புப் படை, கண்ணாடித் தொழிலாளர்கள், ஒரு நகரத்து நடனக் குழு. பிளாத்தோன் லாரியில் நான்கு முன்விசிறிகளோடு திரும்பி வந்து, தானும் ஒரு சுரண்டியை எடுத்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஒரே விமானத்துக்குப் பன்னிரண்டு முறை வண்ணம் பூசி, போர்க்காலத்தில் அரிதான வண்ணத்தை வீணாக்கியதற்காக, வண்ணப் பிரிவுத் தொழிலாளி தயீசியா ஃபொமீனிச்னா லுக்கீனாவின் ரொட்டி அளவு இரண்டு மாதத்துக்குக் குறைக்கப்படுகிறது. கீழே இயக்குநரின் கையெழுத்து.

தயீசியா அதை ஒரு முறை படித்தாள். பிறகு நிதானமாக இன்னொரு முறை. பக்கத்தில் நின்ற பிளாத்தோனை முழங்கையால் இடித்தாள்.

"அந்த மனுஷன் எழுதுனதுல இதுதான் முதல் உண்மை."

"எப்படி?"

"காயிதத்துல இதுவரைக்கும் பதினோரு கூட்டத்துக்கும் பதினோரு விமானம்தானே? இப்பத்தான் 'ஒரே விமானம்'னு அவரு கையாலயே எழுதி, முந்நூறு பேரு பார்க்கற மாதிரி ஒட்டியிருக்காரு."

பிளாத்தோன் தன் பாதிக் காதைச் சொறிந்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். மதியத்துக்குள் விஷயம் பட்டறையெல்லாம் பரவி, கடைசியாக இயக்குநரின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. தொட்டி விற்ற அந்த மகானுபாவர் மேல்கோட்டுகூடப் போடாமல் முற்றத்தில் ஓடி வந்து, பலகையிலிருந்த தாளைத் தன் கையாலேயே கிழித்தார். பாதி பலகையிலேயே ஒட்டிக்கொண்டது. அதை நகத்தால் சுரண்டினார்.

"சுரண்டி வேணுமா, கொர்னேய் பாவ்லவிச்?" என்று தயீசியா பட்டறை வாசலிலிருந்து கேட்டாள்.

தாள் போயிற்று, தண்டனையும் போயிற்று. தண்டிக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் அவர் தலை போகும். அதற்குப் பிறகு அவர் வண்ணப் பிரிவு இருக்கும் பக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, சுக்கானுக்கும் உடலுக்கும் ஒரே ஒரு பூச்சு. பிளாத்தோன் மேலே போனான். உயரத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்தான். கீழே நின்ற உஸ்தீன்யா மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். விமானம் கூரைகளை உரசுவதுபோல வந்து நிமிர்ந்து மறுபடியும் ஏறியது. வால் அசையவில்லை. இறங்கி வந்த பிளாத்தோன், "இப்பத்தான் இது விமானம்" என்றான், தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

தயீசியா பன்னிரண்டாவது தகட்டைக் கொண்டுவந்தாள். "பேரு எழுதிடட்டுமா?"

உஸ்தீன்யா வேண்டாம் என்று தலையசைத்தாள். "கனம் ஏத்தாத. அவன் லேசாவே போகட்டும்."

தேமித் தாயை அணைத்துக்கொண்டான், தயீசியாவுக்குத் தொப்பியில் கைவைத்து வணக்கம் சொன்னான், ஏறினான். விமானம் ஆற்றைத் தாண்டி மேற்கே சிறுத்துக்கொண்டே போய் மறைந்தது. மறைந்த பிறகும் இரு பெண்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தயீசியாவுக்கு மனசு லேசாக இருந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தாள். எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லு" என்றாள் உஸ்தீன்யா, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. "எம்புள்ள வராம நான் மட்டும் வந்திருந்தா, எனக்கும் அதையே காட்டிட்டு, பதிமூணாவதும் பூசியிருப்ப, இல்ல?"

தயீசியாவின் நாக்கில் பத்துப் பதில்கள் தயாராக இருந்தன. எல்லாம் நல்ல பதில்கள்.

"பூசியிருப்பேன்" என்றாள்.

உஸ்தீன்யா மெல்லத் தலையை ஆட்டினாள். உள்ளங்கையில் மிச்சமிருந்த பச்சைக் கறையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து மூட்டையை அவிழ்த்து, காய்ந்த மீன் ஒன்றை எடுத்து, முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தாள். சின்னப் பாதியைத் தயீசியாவிடம் நீட்டினாள்.